காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு

காலையில் மருத்துவமனைக்குப் போய், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, படுக்கையில் சேராமலே அன்று மாலை வீடு திரும்புவது பகல்நேர அறுவைச் சிகிச்சை. திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியுள்ள செங்கம், போளூர், ஆரணி ஊர்களிலும் மக்கள் நன்கறிந்த இதன் வடிவம் கண்புரை ஆபரேஷன். குடலிறக்கம், விரைவீக்கம், மூலம், கொழுப்புக்கட்டி, சிறுவர்களுக்குச் செய்யும் முன்தோல் நீக்கம் ஆகியவையும் இந்த வகையில் அடங்கும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் அறுவையைக்கூட இப்படிச் செய்யும் மருத்துவமனைகள் உண்டு. மருத்துவமனையில் இருக்கும் நேரம் சுருங்கிவிட்டது. உடலுக்குத் தேவையான பராமரிப்பு சுருங்கவில்லை. முன்பு வார்டில் செவிலியர் ஒரு வாரம் செய்த வேலை இன்று மகள், மருமகள், கணவன் ஆகியோரின் கைக்கு வந்திருக்கிறது. ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் சிலர் அவதிப்படுவதற்குக் காரணம், அந்தக் கைகளுக்கு யாரும் எதையும் சொல்லித்தராததுதான்.

இந்த முறை புதிதல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர் பத்தாண்டுகளில் கிட்டத்தட்ட 9,000 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து, அன்றே தாய்மாருடன் வீட்டுக்கு அனுப்பினார். 1909இல் அதன் விவரத்தைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் முன் வைத்தார். குழந்தை மருத்துவமனைக் கட்டிலைவிடத் தாயின் மடியில் அமைதியாக இருக்கும் என்பது அவர் வாதம். அவர் குழந்தைகளைச் சும்மா அனுப்பிவிடவில்லை, செவிலியர்கள் வீடுகளுக்கே போய்ப் பார்த்துவந்தார்கள். பகல்நேர அறுவை பற்றிப் பேசுகிறவர்கள் நிக்கோலின் பெயரைச் சொல்லும் அளவுக்கு அந்தச் செவிலியர்களைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவரும் ஊழியர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த செய்தியை வீட்டார் இவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

கண்புரைச் சிகிச்சையின் கதை இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். புரையை ஊசியால் கண்ணுக்குள் தள்ளிவிடும் முறை சுசுருதர் காலத்திலிருந்து இந்த நாட்டில் இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ஓவியங்களோடு எழுதிவைக்கச் செய்தார். சென்ற தலைமுறையில் புரையை முழுதாக வெளியே எடுத்துத் தையல் போட்டார்கள். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து, பல நாள் மல்லாந்து படுக்க வைத்த காலமும் உண்டு. பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தினார். 1967இல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் வழியைக் கண்டார். அதன் பிறகு வெட்டு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியது. கருவியின் செலவு தாங்காத இடங்களில், தையல் இல்லாமல் தானாக மூடிக்கொள்ளும் ஆறு மில்லிமீட்டர் அளவு வெட்டு போதும் என்றாயிற்று.

மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த முறைகளை ஏழைகளிடம் கொண்டுபோனது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர் அந்த விரல்களாலேயே அறுவை செய்தார். வெளிநாட்டு லென்ஸின் விலை எட்டாதிருந்தபோது, 1992இல் மதுரையிலேயே அரவிந்தைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. கிராமத்து முகாமுக்கு வரும் பாட்டிக்கும் இன்று லென்ஸ் கிடைப்பதற்கு அது பெரிய காரணம்.

எல்லோரையும் அன்றே அனுப்ப முடியாது. நோயின் கடுமையோடு வீட்டின் நிலைமையையும் மருத்துவர் கேட்டறிகிறார். முதல் 24 மணி நேரம் உடனிருக்க விவரம் தெரிந்த ஓர் ஆள் உண்டா, கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, போன் இருக்கிறதா, இரவில் வண்டி கிடைக்குமா என்பவை முக்கியமான கேள்விகள். சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருந்து வருபவர் மலைப்பாதையில் இரவில் இறங்கி வர முடியாது. அவர் ஒரு நாள் வார்டில் தங்கிப் போவதோ, நகரில் உறவினர் வீட்டில் தங்குவதோ மேல். முதியவர்களுக்குத் துணையாகப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் ஆபத்தானது.

திருவண்ணாமலைக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு இருக்கிறது: பௌர்ணமி. கிரிவல இரவில் நகருக்குள் வாகனங்கள் புகுவது கடினம். கார்த்திகை தீபத்தின்போது வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு வெளியே போடும் தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடும். பௌர்ணமியன்று காலை ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அன்று இரவு ரத்தம் கசிந்தால், லட்சக்கணக்கானோர் நடக்கும் சாலையைக் கடந்து மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். அவசரமில்லாத அறுவைக்குத் தேதி குறிக்கும்போது முகூர்த்தம் பார்ப்பவர்கள் பௌர்ணமியையும் அதற்கு முந்திய நாளையும் அடுத்த இரண்டு நாளையும் தவிர்த்துவிட்டால் போதும்.

ஆபரேஷனுக்கு முன் செய்ய வேண்டியவற்றில் அதிகம் தவறுவது வெறும் வயிறு. முழு மயக்கமோ முதுகில் ஊசியோ போடும் அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். பாலும் பால் சேர்த்த டீயும் காபியும் தண்ணீர்க் கணக்கில் வராது. வயிற்றில் பால் திரிந்து திட உணவு போலவே நிற்கும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ‘ஒரு வாய் டீதானே’ என்று பேருந்து நிலையத்தில் குடித்துவிட்டு வந்து, அதை மறைப்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டால் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கண்புரைக்குக் கண்ணில் சொட்டு மருந்தோ, கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியோ போடுவதால் பெரும்பாலும் லேசாகச் சாப்பிட்டுவிட்டே வரச் சொல்வார்கள். எந்த அறுவைக்கு எது என்பதைத் தேதி கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளை வாயால் சொல்வதைவிட அட்டையோடு பையில் கொண்டுபோய்க் காட்டலாம். பிரஷர் மாத்திரையைப் பொதுவாக அன்றும் ஒரு வாய் தண்ணீரில் போடச் சொல்வார்கள். சுகர் மாத்திரையை, வெறும் வயிறாக இருந்தால், அன்று காலை நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்க இதய நோயாளி சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் கண் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த மாத்திரை கண்ணின் கருவிழித்திரையைத் தளரச் செய்து அறுவையைச் சிக்கலாக்கும்; முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்குத் தக்க ஏற்பாட்டோடு இருப்பார். சித்த மருந்து, நாட்டு மருந்துகளையும் மறைக்கக் கூடாது. நகைகளைக் கழற்ற வேண்டும். ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவி பயன்படும்போது உடலில் உலோகம் இருப்பது நல்லதல்ல. தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் அன்று மட்டும் மஞ்சள் கயிறு அணிந்து வருகிறார்கள், அது போதும்.

காப்பீடு பற்றி ஒரு சொல். பல தனியார் காப்பீடுகள் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் தரும். பகல்நேரச் சிகிச்சைகளுக்கு விதிவிலக்கு உண்டு. தன் ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவை அரங்குக்குள் போகும் முன் பெயர் என்ன, எந்தக் கண், எந்தப் பக்கம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். அது அலட்சியமோ மறதியோ அல்ல. 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் அப்படித்தான் கேட்கச் சொல்கிறது. நோயாளி ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். அறுவை முடிந்ததும் ஓய்வறையில் வைத்திருப்பார்கள். நினைவு தெளிந்து, ரத்த அழுத்தம் நிலைத்து, வாந்தி நின்று, வலி மாத்திரைக்கு அடங்கி, எழுந்து நடந்தால்தான் அனுப்புவார்கள். முதுகில் ஊசி போட்டவர்கள் காலில் உணர்வு திரும்பியதோடு சிறுநீரும் கழித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. வீட்டுக்குப் போய் நள்ளிரவில் நீர் அடைத்துக்கொண்டு திரும்பி வரும் துன்பம் அதனால் தவிர்க்கப்படும்.

டிஸ்சார்ஜ் சீட்டைத் துணைக்கு வந்தவர் வாங்கிக்கொண்டு, செவிலியரிடம் ஒருமுறை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு அப்போது சொல்வதெல்லாம் மறந்துபோகும். மயக்க மருந்தின் மிச்சம் 24 மணி நேரம்வரை உடலில் வேலை செய்யும். பேச்சு தெளிவாக இருந்தாலும் முடிவெடுக்கும் திறன் தெளிவாக இராது. எனவே அன்று பைக் ஓட்டக் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது. டூவீலரின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவதும் சரியல்ல. ஆட்டோ பிடிக்க வேண்டும்.

முதல் இரவுக்குத் தயாராவது வீட்டாரின் வேலை. தரையில் பாய் விரிப்பதைவிடக் கட்டில் நல்லது, ஏனென்றால் தரையிலிருந்து எழும்போது வயிற்றுத் தையல்தான் முதலில் இழுபடும். கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிய வேண்டும். வலி மாத்திரையை வலி பொறுக்க முடியாமல் போகும்வரை தள்ளிவைக்கக் கூடாது. மரத்துப்போகும் மருந்தின் வேகம் இறங்கும் முன்பே முதல் மாத்திரையைப் போட்டு, இரண்டு நாள் எழுதிக்கொடுத்த நேரப்படி தொடர்ந்தால் உறக்கம் வரும், நடக்கவும் முடியும். மெடிக்கல் கடையில் தானாக வேறு வலி மாத்திரை வாங்குவது, குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறோ அல்சரோ உள்ளவர்களுக்கு, பெரும் தீங்கு. முதுகில் ஊசி போட்ட சிலருக்கு ஓரிரு நாளில் உட்கார்ந்தால் தலை வெடிப்பதுபோல் வலித்து, படுத்தால் குறையும். அது அறிந்த விளைவு, மருத்துவமனைக்குத் தெரிவித்தால் வழி உண்டு.

பத்தியத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வீடுகளில் அறுவைக்குப் பிந்திய பெரும் தவறு அங்கேதான் நடக்கிறது. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, மீன் அரிப்பு, கத்தரிக்காய் ஆகாது, தக்காளி புளிப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசஞ்சோறும் பிரெட்டும் மட்டும் மிஞ்சும். காயம் ஆறுவது புரதத்தால். புதிய தோலும் தசைநாரும் அதிலிருந்துதான் உருவாகின்றன. பருப்பு, முட்டை, மீன், பயறு, நிலக்கடலை, தயிர் எல்லாம் வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் தக்காளியும் தரும் வைட்டமின் சி காயத்தின் இழைகளை உறுதியாக்கும். சீழ் பிடிப்பதற்குக் காரணம் கிருமி. கட்டுப்பாடில்லாத சர்க்கரை அதற்கு இடம் கொடுக்கிறது. அக்கறையால் பிறந்த இந்த வழக்கத்தைக் கேலி செய்யத் தேவையில்லை. முதல் நாள் எளிதில் செரிக்கும் இட்லி, கஞ்சி, ரசஞ்சோறு என்பது முழுக்கச் சரி. அதை மூன்று வாரம் நீட்டுவதால்தான் முதியவர்கள் வற்றிப்போகிறார்கள். யாருக்காவது ஏதேனும் உணவு உண்மையில் ஒவ்வாதென்றால் அதை மட்டும் தவிர்க்கலாம். வாழைப்பழம், கீரை, போதிய தண்ணீர் சேர்ந்தால் மலச்சிக்கல் வராது. முக்குவது மூலத்துக்கும் குடலிறக்கத்துக்கும் பகை.

காயத்தின் மேல் விபூதி, மஞ்சள், காபித்தூள், தேங்காய் எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. சாமி விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான மூடிய காயங்களில் 48 மணி நேரத்துக்குப் பின் தண்ணீர் ஊற்றிக் குளித்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். கிணறு, ஏரி, கோவில் குளத்தில் முங்குவது காயம் முழுக்க ஆறிய பிறகே. முகத்துத் தையலை ஐந்து நாள் அளவிலும் வயிற்றுத் தையலைப் பத்து நாள் அளவிலும் பிரிப்பார்கள், சில தையல்கள் தாமே கரையும்.

கண்ணுக்குத் தனி ஒழுங்கு. சொட்டு மருந்து போடுபவர் சோப்பு போட்டுக் கை கழுவி, கீழ் இமையை லேசாக இழுத்து, குப்பியின் முனை எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம். மருந்தின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து ஐந்தாறு வாரத்தில் நிறுத்துவார்கள், எரிச்சல் போய்விட்டது என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடக் கூடாது. தூங்கும்போது கண்ணுக்குக் கவசம், பகலில் கருப்புக் கண்ணாடி, மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்காமல் இருப்பது, சீயக்காய் கண்ணில் படாமல் காப்பது, விறகடுப்புப் புகையிலிருந்து விலகுவது எல்லாம் அவசியம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு ஆகியவற்றைப் புதிதாக வெட்டிய கண்ணில் விடுவது பார்வையைப் பறித்துவிடக்கூடிய செயல். மொட்டை போடும் வேண்டுதல் ஒரு மாதம் காத்திருக்கலாம், அண்ணாமலையார் கோபிக்கமாட்டார். ஆபரேஷனுக்கு மறுநாள் தெளிந்த பார்வை அதன் பிறகு மங்கினாலோ, வலியும் சிவப்பும் கூடினாலோ, மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி புகுந்தால் மணிக்கணக்கு முக்கியம்.

குடலிறக்க அறுவையில் வலைத்துணி வைத்துத் தைத்தவர்கள் அன்றே மெல்ல நடக்கலாம், நடக்கவும் வேண்டும். விரைப்பையும் தொடையிடுக்கும் சில நாள் நீலம் பாரித்து வீங்குவது சாதாரணம். இருமும்போது தலையணையால் காயத்தை அணைத்துப் பிடிக்கலாம். பளு தூக்குவதை நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். நிறைகுடம் ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. கேஸ் சிலிண்டர் இரும்பும் சேர்த்து 30 கிலோ அளவில் வரும். நிலக்கடலை மூட்டை அதற்கும் மேல். ஆண் நோயாளிக்கு வீடு ஓய்வு கொடுத்துவிடுகிறது. பெண் நோயாளி மூன்றாம் நாளே குடத்தை இடுப்பில் வைப்பதும், மாவாட்டுவதும், மாட்டுக்குப் புல் சுமப்பதும் கண்கூடு. மருத்துவர் ‘ஓய்வெடுங்கள்’ என்று அவளிடம் சொல்லிப் பயனில்லை. கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்து, தண்ணீர் யார் எடுப்பது, சமையல் யார் செய்வது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டு நனைந்து ரத்தம் வடிவது, 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுவது, காயம் சிவந்து சூடாகிச் சீழ் கசிவது, நிற்காத வாந்தி, எட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ரத்தக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் 108ஐ அழைக்க வேண்டும். இரவில் போக இடம் அரசு திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, அறுவை செய்த இடமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

கட்டி எடுத்தவர்கள் பரிசோதனை முடிவை வாங்காமல் விடுவது இன்னொரு குறை. புண் ஆறிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த ஊர் மறக்காத ஒரு நிகழ்வு உண்டு. 1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கருகே இருந்த சிறு கட்டியை ஆசிரமத்திலேயே மருத்துவர்கள் அகற்றினார்கள். புண் விரைவில் ஆறியது, கட்டி மீண்டும் வளர்ந்தது. மார்ச் மாதம் மறுபடி அறுவை நடந்தது. அது சர்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. மொத்தம் நான்கு அறுவைகளுக்குப் பின், 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அந்த நோய்க்கு அன்று இருந்த மருத்துவம் குறைவு. இன்று அதே அளவிலான கட்டிக்கு ஸ்கேன், திசுப் பரிசோதனை, கதிர்வீச்சு எல்லாம் இருக்கின்றன, ஆனால் முடிவுத் தாளை வாங்கி மருத்துவரிடம் காட்டினால்தான் அவற்றுக்குப் பயன். வெட்டி எடுத்தது எதுவானாலும் பரிசோதனைக்குப் போயிற்றா, முடிவு எந்தத் தேதியில் வரும் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

மறுபரிசோதனைக்குக் குறித்த நாள் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தவறவிடுவதற்கல்ல. கண்புரை செய்தவருக்கு ஒரு மாதத்தை ஒட்டிக் கண்ணாடி அளவு பார்ப்பார்கள். படிப்பதற்குப் பலருக்கும் கண்ணாடி தேவைப்படும், அது அறுவையின் தோல்வி அல்ல. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸின் பின்சவ்வு மங்கினால் சில நிமிட லேசரில் சரியாகும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சிறு அறுவை செய்தவர்கள் ஒரு வாரத்தில் திரும்பலாம்; வயல்வேலை, கட்டட வேலைக்கு மருத்துவர் பார்த்த பிறகே. கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில், கூட்டத்தோடு. வயிற்றில் அறுவை செய்தவர்கள் ஆறு வாரம் கழித்து, பௌர்ணமி அல்லாத நாளில், விடியற்காலையில் ஒரு பகுதி மட்டும் நடந்து பார்க்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் நடப்பதை எந்த அறுவையும் இல்லாதபோதே தவிர்க்க வேண்டும். மலையைச் சுற்றி ஆட்டோவில் வருவதும் உண்டு.